நீலக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி

நவம்பர் 1

மகள் இழுத்துவிட்ட வம்பு. ஒரே மாதத்தில் ஒரு நாவலை எழுதி முடிக்கும் போட்டியாம். நூலகத்தில் தன் பெயரைக் கொடுத்தவள் என்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். பரிசு? கிடையாது. முடித்தவர் பெயரைச் சுவரில் ஒட்டுவார்கள், அவ்வளவுதான்.

"முடிக்கலேன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்கப்பா."

அதுதான் உறுத்துகிறது. இடித்த வீடுகளின் பழைய கதவு, ஜன்னல்களை வாங்கி விற்கிறவன் நான். நடைபாதையில் ஒற்றைக் கதவைச் சாய்த்து வைத்து ஆரம்பித்தேன். இன்று கொட்டகை நிறையக் கதவுகள். தொட்ட எதையும் பாதியில் விட்டதில்லை. இதை மட்டும் விடுவேனா?

நவம்பர் 3

எழுத உட்கார்ந்தால் விளம்பரம் மாதிரி வருகிறது. "தேக்கு. இரட்டைக் கதவு. பித்தளைத் தாழ்ப்பாள். நல்ல நிலை."

மனைவி எட்டிப் பார்த்தாள். "கதாநாயகி எங்கங்க? கரையான் அரிச்சிடுச்சா?"

நவம்பர் 5

கடை திறக்கும் முன் கொட்டகைக்குள் போனேன். ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கதவுகள் தூங்கிக்கொண்டிருந்தன. இடுக்குகளில் வெளிச்சம் கோடு கோடாக மிதந்தது. நடுவில் அந்த நீலக் கதவு. நிலைச்சட்டத்தோடு வாங்கியதால் சுவரில்லாமலே நிமிர்ந்து நிற்கும். இத்தனை நாள் அதை அளந்துதான் பார்த்திருக்கிறேன். இன்று அதன் பின்னால் ஒருத்தி நிற்பதாகத் தோன்றியது. சுற்றிப் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. திரும்ப முன்னால் வந்தேன்.

இருக்கிறாள்.

நவம்பர் 6

எனக்குத் தட்டச்சு வராது. கைபேசியில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. "அவள் கதவைத் திறக்கவில்லை" என்றேன். "அவள் கதையைத் திறக்கவில்லை" என்று எழுதியது. திருத்தப் போனேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

நவம்பர் 11

கதவுக்கு அந்தப் பக்கம், அவள் பக்கம், எப்போதும் மழை. கதவின் அடியிலிருந்து ஈரம் பரவுகிறது என்று சொல்லிவிட்டு, குனிந்து தரையைத் தொட்டும் பார்த்தேன். ஜன்னல் வாங்க வந்தவர் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். எனக்குக் காதில் விழவே இல்லை. மழைச் சத்தம்.

மகளின் நாவலில் எல்லாரும் கப்பலேறிவிட்டார்களாம். கரைசேர்க்க வழி தெரியவில்லையாம்.

நவம்பர் 16

பல் டாக்டரம்மா வந்தார். புது வீடு கட்டுகிறார். நேரே நீலக் கதவிடம் போய் நின்றார். "இது என்ன விலைங்க?"

கதை பாதியில் நிற்கிறது. அவள் இன்னும் வெளியே வரவில்லை. விற்பதற்கில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லையே! எப்போதும் செய்வதைச் செய்தேன். கேட்டவர் ஓடிப்போகிற மாதிரி ஒரு விலையைச் சொன்னேன்.

"சரிங்க. நாளைக்கு வண்டி அனுப்பறேன்."

பேரமே பேசவில்லை. பேரம் பேசாத ஆளிடம் எப்படித் தப்பிப்பது? சொன்ன வாக்கை மாற்றவும் முடியாது.

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கறவங்க. உங்க கதவை விட்டுடுவாங்களா?"

நவம்பர் 17

போய்விட்டது.

நவம்பர் 20

கதவு நின்ற இடத்தில் நீளமாக ஒரு வெயில். வேறு எந்தக் கதவின் முன்னால் நின்றாலும் பலகைதான் தெரிகிறது. அவளும் அதே வண்டியில் போயிருப்பாளோ? சொல்லிக்கொள்ளாமலா?

நவம்பர் 24

"நான் முடிக்கலேன்னு நூலகத்துல சொல்லிடேம்மா."

"நான் எதுக்கு? நீங்களே போய்ச் சொல்லுங்கப்பா."

போகவில்லை. அதைச் சொல்ல எந்த முகத்தோடு போவேன்?

நவம்பர் 26

டாக்டரம்மா போன் செய்தார். "உங்க கதவு வாயை மூடவே மாட்டேங்குது."

ஈரத்தில் மரம் உப்பியிருக்கும். வழக்கமாகத் தச்சரை அனுப்புவேன். இன்று இழைப்புளியை எடுத்துக்கொண்டு நானே போனேன். கதவைக் கழற்றி அடிப்பக்கத்தை இழைத்து மாட்டினேன். மரத்தூளில் பழைய நீலம். "உள்ள போய் மூடிப் பாருங்கம்மா" என்றேன். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

நான் வெளியே நின்றேன். தூறல். மழை அவள் பக்கம் என்றல்லவா எழுதிக்கொண்டிருந்தேன்? நனைகிறவன் நான்.

ஏன் அவள் திறக்கவில்லை என்று பக்கம் பக்கமாகக் கேட்டேனே, ஒரு தடவையாவது தட்டினேனா?

தட்டினேன்.

உள்ளே காலடி. "யாரு?"

"கதைக்காரன்" என்று வந்துவிட்டது. கைபேசி செய்த அதே தப்பை என் வாயும் செய்தது.

"என்னது, கதைக்காரரா?" டாக்டரம்மா சிரித்துக்கொண்டே திறந்தார். சாந்து வாசனையடிக்கும் வெற்றுக் கூடம். அவருக்குப் பின்னால், நல்ல வெளிச்சத்தில், அவள். கொஞ்சமும் நனையாமல்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து கைபேசியில் கதையைப் பேச ஆரம்பித்தேன். டாக்டரம்மா ஒரு குடையை வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 30

முடிந்தது. மகளின் கப்பலும் ஒரு வழியாகக் கரைசேர்ந்துவிட்டது.

சாயங்காலம் ஒரு பச்சைக் கதவு வந்து இறங்கியது. நிலையோடு. தூக்கி நிறுத்துவதற்குள் ஒருவர் விலை கேட்டார்.

"விக்கறதுக்கில்லீங்க."

யார் சொன்னது என்று மனைவி திரும்பிப் பார்த்தாள்.