கீழ்வீட்டு லட்டு

பிரேசர் டவுன், பெங்களூர்
9 அக்டோபர் 2001

அன்புத் தம்பி யூஜினுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "அவங்க மனசுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. இரண்டு நாள் யோசித்த பிறகும் அதுதான் பதில். நம் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் கலீம் பாய் மனதில் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். போனில் பேசினால் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது.

முதலில் உன்னைப் பற்றி. தூக்கம் வருகிறதா? போன மாதம் அங்கே அந்த இரட்டைக் கட்டடங்கள் இடிந்து எழுந்த புகைக்குள் நடந்து வந்தவன் நீ. ஆபீசில் உன் பக்கத்து மேசையில் இருந்த சஞ்சய் திரும்பி வரவில்லை. அவன் அம்மாவின் முகவரியை அனுப்பு, எழுத வேண்டும். இதையெல்லாம் மறந்துவிட்டு நான் பேசுகிறேன் என்று நினைக்காதே. இங்கே வீட்டில் குறை ஒன்றுமில்லை. மழைக்கு மொட்டைமாடிச் சுவர் ஊறியிருந்தது, ஆள் வைத்துப் பூசிவிட்டேன். பழைய சர்ச்சில் கேத்தரின் இன்னும் பாட்டுக் குழுவைக் கட்டி மேய்க்கிறாள். உன்னை விசாரித்தாள்.

இப்போது லட்டு விஷயம். எதிர்வீட்டு ஷங்கர் உனக்கு அனுப்பிய ஈமெயிலில், கட்டடங்கள் விழுந்த அதே வாரம் கலீம் பாய் தெரு முழுக்க லட்டு கொடுத்தார் என்று எழுதியிருக்கிறான். அது உண்மை. வியாழக்கிழமை கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்பதை அவன் எழுதவில்லை, கேட்கவும் இல்லை.

அவர் மகள் நஸ்ரீனுக்கு ஒன்பது வயது. என்னிடம் கணக்குப் படிக்க மாடிக்கு வருகிறவள். குழந்தை குர்ஆன் முழுவதையும் முதன்முறை ஓதி முடித்தால், அவர்கள் வீட்டில் ஆமீன் என்று ஒரு விசேஷம் செய்வார்கள். மாலை போட்டு உட்கார வைத்து, கடைசிப் பகுதியை ஓத வைத்து, உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் இனிப்புக் கொடுப்பார்கள். நம் வீடுகளில் முதல் நற்கருணைக்குச் செய்வதைப் போல. ஓதச் சொல்லிக் கொடுக்கும் ஹஜ்ரத் ஆகஸ்ட் மாதமே நாள் குறித்துவிட்டார். கோலாரிலிருந்து உறவினர்கள் வந்து இறங்கியாயிற்று. தள்ளிப்போடலாம் என்று அவர் மனைவி ஷமீம் சொல்லியிருக்கிறாள். கலீம் பாய் பிடிவாதக்காரர். "எங்கயோ எவனோ பண்ணதுக்கு என் பொண்ணு ஏன் மாலையைக் கழட்டணும்?" என்றாராம். அந்தப் பிடிவாதத்தின் பலனை இப்போது மூன்று பேரும் அனுபவிக்கிறார்கள். நானும் கீழே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். குழந்தை ஒரு வரியில் தடுமாறியது, ஹஜ்ரத் எடுத்துக் கொடுத்தார். நான் ஒரு பேனா கொடுத்தேன். அங்கே யாரும் யாருடைய சாவையும் கொண்டாடவில்லை.

அதே வாரம் டிவியில், வேறு ஏதோ தேசத்துத் தெருவில் சிலர் ஆடிப்பாடிய காட்சியை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். சில விநாடிதான் இருக்கும். அதைக் காலையிலிருந்து இரவு வரை ஓட்டினார்கள். பார்க்கப் பார்க்க எனக்கே கூட்டம் பெருகிக்கொண்டு போவதுபோல் இருந்தது. பல வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறவள் நான். ஒரே ஆளை நூறு தடவை எண்ணி நூறு பேர் என்று எழுதினால் என் மாணவிக்குச் சுழி போடுவேன். அந்தக் காட்சியோடு ஒட்டிப் பார்க்க நம் தெருவில் ஒரு லட்டு கிடைத்தது, அவ்வளவுதான்.

ஷங்கர் நேற்றுக் கையில் ஒரு தாளோடு மாடிக்கு வந்தான். கீழ்வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தெருக்காரர்களின் கையெழுத்து. "மேடம், உங்க பாய் அடுத்து எந்த பில்டிங்குக்கு லட்டு குடுப்பாராம்?" என்று சிரித்தான். "அன்னைக்கு நீங்க எத்தனை சாப்பிட்டீங்க ஷங்கர்?" என்று கேட்டேன். "அப்ப தெரியாதுல்ல மேடம்" என்றான். இப்போது என்ன தெரியும் என்றேன். பேப்பர் படியுங்கள் என்றான். நான் மூன்று பேப்பர் படிக்கிறேன், ஒன்றிலும் நம் தெரு வரவில்லை என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

கலீம் பாய் உத்தமர் என்று நான் வாதாடவில்லை. ஸ்கூட்டர் உதிரிபாகங்களைப் படிக்கட்டின் கீழே அடைக்கிறார், சொன்னால் கேட்பதில்லை. நேற்று வாசலில், "பழிக்குப் பழின்னு இப்ப அங்க போடற குண்டுல சாவறவங்க பேரு எந்த டிவியிலயும் வராது மேடம், பாத்துக்கங்க" என்றார். என் தம்பியோடு வேலை பார்த்தவனும் செத்திருக்கிறான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். "அல்லா மேல ஆணையா, நான் எப்ப இல்லன்னேன்?" என்றார். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சு பிடிக்காதவர்களையெல்லாம் காலி செய்யச் சொன்னால் இந்த வீட்டில் அப்பாவே இருந்திருக்க முடியாது.

அவர்கள் வாடகை ஒப்பந்தம் இந்த வாரம் முடிகிறது. வீடு நம் இருவர் பேரிலும் இருக்கிறது. உன் சார்பில் கையெழுத்துப் போட நீ கொடுத்த பவர் பத்திரம் என்னிடம் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டால் அதை ரத்து செய்துவிடுவேன் என்றாய். உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இன்று வரை அது செல்லும். நாளைக் காலை புதுப்பிக்கப் போகிறேன். உனக்குத் தெரியாமல் செய்யவில்லை. இன்று இரவே போனில் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு நீ செய்வதை நான் தடுக்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வா. ஷங்கர் எழுதியதையும் நான் எழுதியதையும் ஓரமாக வைத்துவிட்டு, கீழே போய் அவர்கள் வீட்டில் ஒரு வாய் டீ குடி. அதற்கு அப்புறமும் அவர்கள் போக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அதை அவர்கள் முகத்தைப் பார்த்து நீயே சொல். ஆண்டவர் உனக்குத் தூக்கத்தையும் தைரியத்தையும் தரட்டும்.

உன் அக்கா,
ஜூடித்

10 அக்டோபர், புதன்

உறையை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். நேற்று நான் சொன்னதைக் கேட்டதும் நீ போனை வைத்துவிட்டாய். இன்று காலை சிவாஜி நகரில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். கலீம் பாயும் போட்டார். சாட்சிக்குக் கேத்தரின் வந்தாள். தெருவில் நான் கேட்ட இரண்டு பேர் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். போகும்போதும் வரும்போதும் ஷங்கர் எங்களைப் பார்த்தான்.

ஒப்பந்தத்தின் நகலைக் கொடுக்கக் கீழே போனேன். கூடத்தில் சுவரோரம் அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. போன வாரமே ஷமீம் கட்டிவிட்டாளாம், என்னிடம் சொல்லவில்லை. தாளை வாங்கித் தேதியை இரண்டு முறை படித்தாள். பிறகு சமையல் பாத்திரங்கள் இருந்த பெட்டியை மட்டும் அவிழ்த்து, டீ போட்டுக் கொடுத்தாள். மற்றப் பெட்டிகளை அவிழ்க்கவில்லை.