எட்டெழுத்தில் நின்றுபோன கிறிஸ்துமஸ்

இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், என் மருமகள், நம் சபைப் பாடகர் குழு மாஸ்டர். பீன்யா தொழிற்சாலையில் நீங்களே அதை ஓட்டும் சிஸ்டத்தை எழுதி, லிங்கராஜபுரத்தில் என் வீட்டில் எனக்கென்று கொண்டுவந்து வைத்தீர்களே, அந்தக் கம்ப்யூட்டரை மாஸ்டர் எப்படியோ ஓட வைத்துவிட்டார். தூசி சூடாகிற வாசம் வந்ததும் நீங்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது அக்கா.

நீங்கள் கர்த்தரிடம் போன பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ். ஆராதனையில் உங்கள் பாட்டைப் பாட வேண்டும் என்று சபையே கேட்கிறது. அது இருப்பது அந்தக் கம்ப்யூட்டரில் போடும் பிளாப்பித் தட்டில் மட்டும்தான். 'கிறிஸ்ட்மா' என்று பாதியில் நின்ற பெயரைத் திறந்தோம். மைதா, வெண்ணெய், உலர்திராட்சை, பேக்கரிக் கூலி.

"ஆன்ட்டி, பேக்கரிக் கூலிக்கு எந்த ராகம் போடறது?" என்றார் மாஸ்டர். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் பாட்டுக்கு 'கிறிஸ்துமஸ் பாட்டு', என் கணக்குக்கு 'கிறிஸ்துமஸ் கேக்' என்று ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைத்திருந்தேன். உங்கள் சிஸ்டம் இரண்டையும் எட்டெழுத்தோடு நறுக்கி ஒரே பெயராக்கி, பாட்டின் மேலேயே கேக்கை எழுதிவிட்டது. 'ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது பெயரை நறுக்குவதைப் பார்த்து, கம்ப்யூட்டர் வந்த புதிதிலேயே கேட்டேன். "வாசல் குள்ளம்னு சொல்லாம, வர்றவங்க தலையை வெட்டுவீங்களா அக்கா?"

"தலை இல்லம்மா, வால்தான்," என்றீர்கள், காபியை ஆற்றிக்கொண்டே. "பொட்டி ஒவ்வொண்ணா கேட்டுட்டிருந்தா அதுக்கெல்லாம் மெமரியில இடம் வேணும். இடத்தைக் கூட்டினா விலை ஏறும். அப்புறம் இது ஆபீசுக்குத்தான் போகும், உன் வீட்டுக்கு வராது."

அந்த விலைக்கு வந்ததால்தான் கல்லூரி வாசலை மிதிக்காத நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். கர்த்தருக்கு இன்றும் அதற்காக நன்றி சொல்கிறேன். ஆனால் பாட்டை எழுதிய தாளையாவது வைத்திருக்கக் கூடாதா? "அதான் பொட்டியில இருக்கே" என்று அந்தத் தாளிலேயே வடை எண்ணெயைத் துடைத்தீர்கள். சிஸ்டம் எழுதியவருக்கே அதன் குணம் தெரியாதா?

தட்டெழுதியவள் நான் என்பதால் மூன்று சரணங்கள் மனதில் நிற்கின்றன. நான்காவதில் மரியாள் பிள்ளையைக் கிடத்த இடம் தேடுகிறாள். அப்புறம் ஏதோ சொல்வாள். அந்த வரிதான் வரவில்லை. "நீங்களே ஒண்ணு போடுங்க ஆன்ட்டி" என்கிறார் மாஸ்டர். உங்கள் மரியாளின் வாயில் என் வார்த்தையை வைக்க எனக்கு மனமில்லை.

சனிக்கிழமை ஒத்திகை. கர்த்தரிடம் அனுமதி கேட்டுக்கொண்டாவது, அதற்குள் அந்த வரியைச் சொல்லுங்கள் அக்கா.