எட்டு வெள்ளி லோரி

அண்ணே,

போன வாரம் என் மானம் வீட்டு வாசலில் வைத்தே போனது. பார்சல் கொண்டுவந்த மலாய்க்காரர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், "செராத்துஸ் லாப்பான் பூலோ, பாங்" என்றார். நூற்றெண்பது வெள்ளி. பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுக்கிற வகை. என் மனைவியிடம் நான் சொல்லிவைத்திருந்த விலை நாற்பது. அவள் பக்கத்தில்தான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைவிட நன்றாக மலாய் தெரியும்.

"நாப்பதுன்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். கையிலிருந்த ஈரச் சட்டையை ஒருமுறை உதறினாள். என் சட்டைதான்.

விலையை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் பொம்மை வண்டிக் குழுவின் எழுதாத சட்டம். நீங்கள் அதை உடைக்க எத்தனையோ வருடம் முட்டிப் பார்த்தீர்கள். கூரியர்காரர் மூன்று சொல்லில் உடைத்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்தேன். முதலில் வந்தது வண்டி இல்லை, வாசனை. தைல வாசனை. என் மகள் மூக்கைச் சுருக்கி, "அப்பா, வண்டிக்கு மூட்டு வலியா?" என்றாள். நான் சிரிக்க ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். பொம்மை லோரியின் சக்கரத்துக்குத் தைலம் விடுகிற ஆளை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். "ஒரு சொட்டு விட்டா வழுக்கிட்டு ஓடும் தம்பி. எங்க வீட்டுக்காரி, உங்க அக்கா, அவ முட்டிக்கும் இதேதான்" என்பீர்கள்.

பஞ்சை விலக்கினேன். பச்சை முகம் வைத்த கட்டை லோரி. முதுகில் மூன்று ரப்பர் மரக் குச்சிகள். குச்சிகளைக் கட்டியிருந்த சங்கிலி, அக்காவின் அறுந்துபோன கொலுசு.

உங்களுடையதைப் போல ஒன்று வேண்டும் என்றுதான் அண்ணே வாங்கினேன். உங்களுடையதையே வாங்கியிருக்கிறேன் என்று தெரியாது. குழுவில் போட்டிருந்த படத்தில் வண்டியின் முகம் மட்டும்தான் இருந்தது. கீழே வழக்கம்போல "விலை பி.எம்." அதாவது, வேண்டுமென்றால் தனியாகச் செய்தி அனுப்பிக் கேள். அனுப்பினேன். பதிலுக்கு அந்த ஆள், "நீங்க எவ்வளவு தருவீங்க?" என்றான். நூறு என்றேன். வேறொருத்தர் நூற்றைம்பது கேட்டிருக்கிறார் என்றான். அந்த வேறொருத்தர் இன்னும் பிறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரோடு போட்டி போட்டு நூற்றெண்பதுக்கு ஜெயித்தேன்.

விற்றவனின் பெயர் புதிது. முகத்துக்குப் பதில் ஒரு பூனைப் படம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது, அனுப்பியவர் என்ற இடத்தில் தௌக்கேயின் கைப்பேசி எண் இருந்தது.

தௌக்கேயை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஈப்போவில் மோட்டார் சாமான் கடை முதலாளி, அதனால்தான் தௌக்கே என்ற பெயர். நம் பொம்மை வண்டிக் குழுவையும் நடத்துகிற நம்ம ஆள். உங்களை அந்தக் குழுவிலிருந்து தூக்கியவர். நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. வண்டியை விற்கும்போது பக்கத்தில் ஓர் அட்டை வைத்துப் படம் எடுப்பீர்கள். அட்டையில் இரண்டு எண் இருக்கும்: வாங்கிய விலை, விற்கும் விலை. அதோடு விட்டிருந்தால் பைத்தியம் என்று விட்டிருப்பார்கள். நீங்கள் மற்றவர்கள் போடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் கீழே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, "எவ்வளவு?" என்று ஒரு சொல் எழுதினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தௌக்கே உங்களைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? நான் பக்கத்தில் ஒரு காலி டின்னை ரசிப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, விலைய வெளிய போடாதீங்கலா. மார்க்கெட்டு கெட்டுப்போவும்."

"மீன் விக்கிறவன்கூட அட்டையில கிலோ எவ்வளவுன்னு எழுதி வைக்கிறான். நீ என்னா, கஞ்சாவா விக்கிற?"

சந்தையே சிரித்தது. மறுநாள் காலையில் நீங்கள் குழுவில் இல்லை.

உடனே தனிக் குழு ஒன்று ஆரம்பித்தீர்கள். பெயர், 'விலை போட்ட வண்டிகள்'. உறுப்பினர்கள் நால்வர். நீங்கள், நான், உங்கள் மருமகன், அப்புறம் எப்படி வந்தார் என்றே தெரியாத ஒரு சிலிம் ரிவர்க்காரர். மருமகன் மரியாதைக்குச் சேர்ந்தவர். சிலிம் ரிவர்க்காரர் கடைசிவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. நீங்கள் விலை போடுவீர்கள், நான் கட்டைவிரலை உயர்த்துவேன். உலகச் சந்தையை நாம் திருத்தியது அந்த லட்சணத்தில்தான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். சுங்கை சிப்புட்டில் உங்கள் வீட்டுக் கூடத்தில், தைலப் புட்டியும் பல்குத்தும் குச்சியுமாக உட்கார்ந்திருந்தீர்கள். தோட்டத்தில் உங்கள் அம்மா வாளியில் ரப்பர் பாலைத் தூக்கிக்கொண்டு போய் நிறுக்க நிற்பாராம். தராசின் முகம் கணக்கெழுதும் கிராணியின் பக்கம் திரும்பியிருக்குமாம். கிராணி ஓர் எண் சொல்வாராம். அம்மா தலையை ஆட்டிவிட்டு வருவாராம். "கடைசி வரைக்கும் அந்த முள்ளு எங்க நின்னுச்சின்னு எங்கம்மா பாக்கவே இல்ல தம்பி" என்றீர்கள். சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டீர்கள். நான் படித்தது மூன்றாம் படிவம் வரைதான். தைலப் புட்டியைச் சாய்த்துப் பிடிக்க மட்டும் தெரிந்தது.

சர்க்கரை முதலில் உங்கள் காலைக் கேட்டது, பிறகு ஆளையே கேட்டது. அக்கா பாகான் செராயில் மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. வீட்டைக் காலி செய்ய வேண்டும். அலமாரியில் நாற்பது வண்டிகள். "தம்பி, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார் அக்கா. அண்ணே, எனக்குத் தெரிந்தது சக்கரமும் சாயமும். விலை யாருக்குத் தெரியும்? விற்றது எவ்வளவுக்கு என்று யாராவது எழுதினால்தானே? 'வித்தாச்சு' என்று போட்டுவிட்டுப் படத்தையே எடுத்துவிடுகிறார்கள்.

குழுவில் கேட்டேன். எல்லாரும் "பி.எம். பாருங்க" என்றார்கள். பார்த்தேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரும் பத்தைத் தாண்டவில்லை. எல்லாரும் அப்படிச் சொல்லும்போது, அதுதான் விலை போலிருக்கிறது என்று நினைத்தேன். நம் சின்னக் குழுவில் நீங்கள் போட்ட விலைகளைத் தௌக்கேயிடம் காட்டினேன். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அது அண்ணனோட ஆசை விலைலா. மார்க்கெட்டு விலை இல்ல."

வீட்டுச் சாமான் ஏற்ற லோரி வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. தௌக்கே மொத்தமாக, போரோங்காக, வண்டிக்கு எட்டு வெள்ளி என்று எடுத்துக்கொண்டார். முந்நூற்று இருபது. அக்கா அதை எண்ணாமல் அப்படியே லோரிக்காரரிடம் கூலியாகக் கொடுத்தார். உங்கள் நாற்பது லோரிகள் சேர்ந்து ஒரு லோரியைப் பாகான் செராய் வரை ஓட்டின.

பார்சல் வந்த அன்று மாலை, குழுவில் வண்டியின் படத்தைப் போட்டேன். பக்கத்தில் அட்டை வைத்தேன், உங்களைப் போலவே. 'தௌக்கே வாங்கியது எட்டு. நான் வாங்கியது நூற்றெண்பது.' சோறு போட்டு உட்கார்ந்தேன். ரசத்துக்கு வருவதற்குள் என்னைத் தூக்கிவிட்டார்கள். சரியென்று நம் சின்னக் குழுவில் போட்டேன். சிலிம் ரிவர்க்காரர் முதன்முறையாக வாயைத் திறந்தார். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் அதையும் அழித்துவிட்டார். அவருக்கு அந்தப் பெரிய குழு வேண்டும் போல. அவரைக் குறை சொல்ல மாட்டேன். விற்பதற்கு வேறு இடம் ஏது?

கொலுசு அக்காவுடையது. அதை என் அலமாரியில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பாகான் செராய் போனேன். வீட்டுக்குப் பின்னால் வயல் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. அக்கா இளைத்திருந்தார். லோரியை மடியில் வைத்து, சங்கிலியை விரலால் தடவினார்.

"எவ்வளவுக்குடா வாங்குன?"

"சும்மா வச்சிக்குங்கக்கா."

"அது ஆவாது. உங்கண்ணன் இருந்தா விட்டிருப்பாரா? வெலைய சொல்லு."

கையில் பணப்பையை எடுத்துவிட்டார். நூற்றெண்பது என்று சொன்னால் அவரால் மற்ற முப்பத்தொன்பதையும் பெருக்கிப் பார்க்க முடியும். பெருக்கிப் பார்த்து என்ன செய்வார்? கை மாறிப் போனவை எந்த ஊரில் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கணக்கை எல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள் போட்டேன். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டிருந்தால் நான்காம் படிவத்துக்குப் போயிருப்பேன்.

"எட்டு வெள்ளிதான்க்கா" என்றேன்.

அக்கா பத்து வெள்ளி நோட்டு ஒன்றை நீட்டினார். மீதி இரண்டை நான் கொடுத்தே தீர வேண்டும் என்று நின்றார். கொடுத்தேன். பிறகு லோரியைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், உங்கள் படத்துக்குக் கீழே வைத்தார்.

"பாத்தியா, தௌக்கே எட்டுக்கு வாங்கிட்டு எட்டுக்கே குடுத்திருக்கான். உங்கண்ணன்தான் அந்தப் புள்ளைய கடைசி வரைக்கும் தப்பாப் பேசிட்டாரு."

காப்பி வந்தது, குடித்தேன். உங்கள் படத்தைப் பார்க்காத மாதிரி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அந்தப் பத்து வெள்ளி நோட்டு இன்னும் என் பர்சில் இருக்கிறது. செலவழிக்க மனம் வரவில்லை. மீன் கடையில் அட்டையைப் பார்த்த பிறகும் "எவ்வளவு?" என்று சத்தமாகக் கேட்கும் பழக்கம் வேறு ஒட்டிக்கொண்டுவிட்டது. என் மனைவி தள்ளிப் போய் நின்றுகொள்கிறாள்.

கிளம்பும்போது அக்கா கேட் வரை வந்தார். பத்திரமாப் போ என்றார். வாரேன்க்கா என்றேன். சொல்லாமல் வந்தது இதுதான்: நூற்றெண்பது, அக்கா. அண்ணன் சொன்னதுதான் சரி.