பூப்பாத்தியில் புதைத்த சங்கிலி

மே 16, சனி இரவு

கோடையில் வடக்கு ஒன்ராறியோவுக்குத் தங்கம் தேடப் போவதற்காக, என் கணவர் இரண்டு மெட்டல் டிடெக்டர்களை வாடகைக்கு எடுத்து வந்தார். இரண்டில் நல்லதை வாங்கலாமாம். எனக்கு நம்பிக்கையில்லை. சோதித்துப் பார்க்க, என் மெல்லிய தாலிச் சங்கிலியைப் பின்வளவுப் பூப்பாத்தியில் நானே புதைத்தேன்.

மலிவானது ஒரு பழைய ஆணிக்குக் கத்தியது, சங்கிலிக்கு வாய் திறக்கவில்லை. ஆணிக்காக மண்ணைக் கிளறியதில் புதைத்த இடமும் தெரியாமல் போனது. விரல்களால் மண்ணைத் துழாவினேன்.

“இஞ்சேருங்கோ, கெதியா மற்றதை எடுங்கோ!”

“பொறும் புரொபெசர், உம்மட ஆராய்ச்சிதானே,” என்று சிரித்தார்.

மற்றது ஒரு சாண் தள்ளிக் கீச்சிட்டது. மண்ணோடு சங்கிலி வந்தது. அதையே வாங்கச் சொன்னேன்.

“அப்ப நீரும் வாறீரோ?”

ஓம் என்றுவிட்டேன். சங்கிலியைக் கழுவாமலே மாட்டியிருக்கிறேன். கழுத்தில் மண் உறுத்துகிறது. எழும்பிக் கழுவ மனமில்லை.