கேட்காமல் ஊற்றிய மருந்து

திருவண்ணாமலை,
ஐப்பசி 9

அன்பு மகள் தீக்ஷாவுக்கு அப்பா எழுதுவது.

நலம் விசாரிப்பதற்கு முன்னால் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை, நானும் அம்மாவும் பொன்னூர் மலைக்குப் போயிருந்த நேரத்தில், கொசு ஒழிப்பு வேலைக்கு வருகிறவர்கள் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே வந்து நம் கிணற்றில் மருந்தை ஊற்றிவிட்டு, கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். 'இவ்வீட்டுக் கிணற்றில் மலேரியா கொசுப்புழு உற்பத்தி' என்று கொட்டை எழுத்தில். எறும்பு ஊர்ந்தால் காலைத் தூக்கி வைத்து நடந்தவன் நான், எழுபத்திரண்டு வயதில் என் வாசலில் குற்றப் பத்திரிகை. தெருவே நின்று படித்தது. இதை உனக்கு போனில் சொல்ல ஆரம்பித்தேன். நீ முழுதாகக் கேட்கவில்லை. 'கிணத்தை மண்ணு கொட்டி மூடற வரைக்கும் பாப்பாவைத் தூக்கிட்டு வரமாட்டேன்பா' என்று சொல்லி வைத்துவிட்டாய். அது இரண்டாவது அநியாயம். உனக்கும் எனக்கும் ஒரே குணம், போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கம்மி. அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீ அனுப்பிய வீடியோவில் பாப்பா கீழ்ப்பல் இரண்டும் தெரியச் சிரித்ததை அம்மா இதுவரை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பாள் என்று கேட்காதே, கீரைக்காரிகூடப் பார்த்தாகிவிட்டது. தை மாதம் நம் கிராமத்துக் கோயிலில் காது குத்துவது என்று பேசி வைத்ததிலிருந்து அவள் தொட்டில் மேல் போடுவதற்கு வெள்ளைத் துணியில் சின்னக் கொசுவலை ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறாள். நீ போனை வைத்த அன்று அதை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

நீ பயப்படுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கீழ்பென்னாத்தூர் கடலை மண்டியில் மூட்டை தைத்தவன்தான், ஆனால் இந்தப் பத்து நாளில் நூலகத்தில் இருந்த புத்தகங்களையும் பழைய சுகாதாரக் கையேடுகளையும் உட்கார்ந்து படித்துவிட்டேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மலேரியா வந்தால், ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்கான பதினான்கு நாள் மாத்திரையைக் கொடுக்கக்கூடாதாம். தை மாதம் பாப்பாவுக்குப் பத்து மாதம்தான் ஆகும். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை திரும்பப் படித்தேன். இந்தக் கொசு ஒழிப்புக்காரர்கள் செய்வதில் எது எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதையும் படித்தேன். சாயங்காலம் தெருவில் வண்டி புகை விட்டுக்கொண்டு போகிறதே, அந்த நேரத்தில் பறக்கிற கொசுவைத்தான் அது கொல்லும், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது பிழைத்துக்கொள்ளும். தண்ணீரில் ஊற்றுகிற மருந்து ஒரு வாரம் நிற்கும், நல்ல மழை பெய்து கிணறு ஏறினால் அதுவும் நிற்காது. கொசுவலை நல்லதுதான், ஆனால் படுப்பதற்கு முன்னால், பூக்கட்டுகிற நேரத்தில், பாத்திரம் விளக்குகிற நேரத்தில் கடித்தால் வலை என்ன செய்யும். என் சின்ன வயதில் கிராமத்தில் சுவருக்கு மருந்து அடித்தார்கள், பொங்கல் வந்ததும் எல்லாரும் அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரே மருந்தையே அடித்தால் கொசு அதற்குப் பழகியும் விடுகிறதாம். நம் சந்து முனையில் பாதி கட்டி நிறுத்திய லாட்ஜ் இருக்கிறதே, அதன் அடித்தளத்தில் ஆடி மாதத்திலிருந்து முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அதற்குப் பூட்டு போட்டிருப்பதால் யாரும் உள்ளே போவதில்லை. பூட்டாத வீட்டுக்கு நோட்டீஸ், பூட்டிய கட்டடத்துக்கு மரியாதை. இதை நான் சுகாதார அதிகாரியிடமே போய்க் கேட்டேன். 'ஓனர் வெளியூருங்க ஐயா' என்றார். கொசு உள்ளூர்தானே என்றேன்.

இப்போது நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். ஊற்ற வந்தவர் பெயர் அருணகிரி, நாற்பது வயது இருக்கும், நம் தெருக்கள் அவர் பொறுப்பு. அவர் ஒன்றும் திருட்டுத்தனமாக முதல் தடவையே உள்ளே வந்துவிடவில்லை. ஆனியிலும் ஆடியிலுமாக மூன்று முறை வாசலில் நின்று கேட்டார். மூன்று முறையும் நான் கதவைத் திறக்கவில்லை. உயிரைக் கொல்கிற மருந்துக்குச் சமணன் வீட்டில் இடமில்லை, போய் வா என்று அனுப்பிவிட்டேன். மூன்றாவது தடவை, 'கொல்லலைங்க நைனாரே, ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போயிடறேன்' என்று கெஞ்சினார். அதற்கும் சம்மதிக்கவில்லை. ஆவணியில் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாளுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. உன் தலையில் பூ வைக்காமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டாளே, அதே சந்திரம்மாள்தான். ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார்கள். அவளும் நம் கிணற்றுத் தண்ணீரைத்தான் இறைக்கிறாள், அவள் வீட்டு முற்றத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். லாட்ஜ் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஆட்களில் ஒருவருக்கு முன்பே காய்ச்சல் இருந்திருக்கிறது, அவர் மொட்டை மாடியில் வலை இல்லாமல் படுத்தவர், அவரைக் கடித்த கொசு இவளைக் கடித்திருக்கும் என்கிறார்கள். அவர் பாவம், பிழைக்க வந்தவர், அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்தக் கொசு எங்கே பிறந்தது என்பதுதான் கேள்வி.

மருந்து ஊற்றிய நான்காம் நாள் அருணகிரி மறுபடி வந்தார். சண்டை போடுவதற்கு நான் தயாராக இருந்தேன். நன்றாகவே போட்டேன், அதை எழுத வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அன்றைக்கு ஊற்றுவதற்கு முன்னால் கிணற்றிலிருந்து மொண்டு எடுத்து வைத்த ஒரு பாட்டில் தண்ணீரை நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியில் ஊற்றி என் முன்னால் நீட்டினார். 'பாருங்க நைனாரே, தலைகீழா தொங்கினா அது வேற கொசு. இது தண்ணிமேல படுத்துக்கினு இருக்குது பாருங்க, இதுதான் மலேரியா கொசு' என்றார். நான் பார்த்தேன். அதை நான் தினமும் பார்க்கிறேன். நம் வீட்டில் தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டாமல் குடிப்பதில்லை, துணியில் தங்கியதைத் தரையில் கொட்டுவதும் இல்லை. துணியைத் திருப்பி அலசி, அந்தத் தண்ணீரை வாளியில் விட்டு, மேலிருந்து ஊற்றினால் சின்ன உயிர்களுக்கு அடிபடும் என்று வாளியைக் கிணற்றுக்குள் தண்ணீர் மட்டம் வரைக்கும் இறக்கி மெதுவாகச் சாய்க்கிறோம். நாற்பது வருஷமாக அதை ஒரு நாள்கூட நான் விட்டதில்லை, காய்ச்சலில் படுத்த நாளில்கூட எழுந்து வந்து செய்திருக்கிறேன். துணியில் துடிக்கிற அந்தச் சின்னக் குச்சிகளைப் பார்த்து, போய்ப் பிழைத்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லித்தான் விடுவேன். அருணகிரியிடம் இதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், சொன்னேன். அவர் கரண்டித் தண்ணீரைப் பாட்டிலில் திருப்பி ஊற்றிக்கொண்டே, 'நாங்க ஊத்திக் கொல்றோம், நீங்க வடிகட்டிக் காப்பாத்தறீங்க. நல்ல கூட்டணிங்க' என்றார். சிரிக்கவில்லை, அம்மாதான் சமையலறையில் சிரித்தாள். நம் கிணற்றுக் கொசுதான் சந்திரம்மாளைக் கடித்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்றும் அருணகிரியே சொன்னார். அது என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னது. நான் சமாதானம் ஆகவில்லை.

செத்துப்போன புழுக்களுக்காக நானும் அம்மாவும் ஒரு நாள் உபவாசம் இருந்தோம். மறுநாள் சந்திரம்மாளுக்காக இன்னொரு நாள் நான் மட்டும் இருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் திரும்பி வந்ததை உன்னிடம் அம்மா சொல்லியிருப்பாள். ஆவணியில் பதினான்கு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரையை நான்காம் நாளே நிறுத்திவிட்டாள், காய்ச்சல் விட்டுவிட்டது, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குப் பூக்கட்ட வேண்டும் என்று. ஈரலில் ஒளிந்திருந்தது புரட்டாசிக் கடைசியில் எழுந்துவிட்டது. அதனால்தான் அருணகிரியின் ஆட்களும் அவசரப்பட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். இந்தத் தடவை ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, அவள் உடம்பு தாங்கும் என்று தெரிந்துகொண்டு மறுபடி மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்கள். தினமும் காலையில் அம்மா இரண்டு இட்லி கொண்டுபோய்க் கொடுத்து, அவள் சாப்பிட்ட பிறகு நான் எதிரில் நின்று மாத்திரையை விழுங்க வைக்கிறேன். நாக்கைத் தூக்கிக் காட்டு என்றால், 'இன்னா நைனாரண்ணா, நான் இன்னா ஒண்ணாங்கிளாஸ் பாப்பாவா? உங்க சாமி கொசுவைக்கூட காப்பாத்துது, என்னைக் காப்பாத்த மாத்திரைதான் வரணுமா?' என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு விழுங்குகிறாள். இன்றைக்கு ஒன்பதாம் நாள். நான் வடிகட்டியதைப் பற்றி அவளிடமும் சொல்லிவிட்டேன். பூவைக் கட்டிக்கொண்டே, 'நானும் அந்தத் தண்ணியைத்தானே இறைக்கிறேன், ஒரு நாளாவது குனிஞ்சு பார்த்தேனா' என்றாள். அவள் அப்படிச் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

கிணற்றை மட்டும் நான் மூடமாட்டேன் கண்ணு. நீ கோபித்துக்கொண்டாலும் மூடமாட்டேன். பிடிவாதம் என்று நினைக்காதே, யோசித்துப் பார். குழாயில் நான்கு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது. கிணற்றை மூடினால் நாமும் சந்திரம்மாளும் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்போம், ஒரு கிணறு போய்ப் பத்துக் கிணறு ஆகும், அதில் எல்லாம் கொசு முட்டையிடும். அருணகிரி மீன் விடச் சொன்னார், புழுவைத் தின்றுவிடுமாம். அதற்கும் மறுத்துவிட்டேன். கொல்வதற்கு ஓர் உயிரை வேலைக்கு வைப்பது நானே கொல்வதைவிடக் கேவலம் என்றேன். 'மீன் சாப்பிடறதுக்கு உங்ககிட்ட பர்மிஷன் கேக்குமாங்க' என்றார். கோடையில் தண்ணீர் அடிக்குப் போனால் மீனும் சாகும் என்றேன். பிறகு நானே ஒரு வழி சொன்னேன். கிணற்றின் வாய் முழுவதும் இரும்புச் சட்டம் போட்டு, கொசு நுழைய முடியாத நெருக்கமான வலையை இழுத்துக் கட்டிவிடுவது, தண்ணீரை மோட்டார் வைத்து எடுப்பது. பிறக்க இடம் கொடுக்காமல் இருப்பது கொலை ஆகாது. பிறந்த பிறகு காப்பாற்றுவதுதான் அகிம்சை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன், அது பாதிதான் என்று இந்த வயதில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அருணகிரி ஒத்துக்கொண்டார், ஆனால் காக்கையும் அணிலும் வலையைக் கிழிக்கும், ஒரு விரல் ஓட்டை போதும், வாராவாரம் பார்க்காவிட்டால் வலை இருந்தும் இல்லாததுதான் என்று எச்சரித்தார். அதுவும் சரி. லாட்ஜ் தண்ணீர் அப்படியே இருக்கிற வரைக்கும் நம் வலை நம் கிணற்றை மட்டும்தான் காக்கும், அதையும் உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆகவே செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கிணற்றுக்குச் சட்டமும் வலையும் போட்டு, மாடித் தொட்டி மூடியின் விரிசலை அடைக்க வேண்டியது நான். தினமும் காலையில் வலையைத் தடவிப் பார்த்துக் கிழிசல் இருந்தால் அன்றைக்கே தைக்க வேண்டியது அம்மா, அவள் தையல் என் தையலைவிட நெருக்கம். பெட்டியில் மடித்து வைத்த தொட்டில் வலையை எடுத்துத் தைத்து முடிக்க வேண்டியதும் அவள்தான், அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் உனக்கு எழுதுகிறேன், நீ சொல். இன்னும் ஐந்து நாள் மாத்திரை சாப்பிட வேண்டியது சந்திரம்மாள், எதிரில் நிற்க வேண்டியது நான். வாரம் ஒரு முறை கரண்டியோடு வர வேண்டியது அருணகிரி, ஆனால் வாசலில் நின்று கேட்டுவிட்டு வர வேண்டும், கதவைத் திறக்க வேண்டியது நான். லாட்ஜ் தண்ணீரை இறைக்க வேண்டியது அதன் சொந்தக்காரர், இறைக்க வைக்க வேண்டியது அதிகாரி, அவர் இறைக்க வைக்கும்வரை திங்கள்தோறும் அவர் மேஜைக்கு எதிரில் போய் உட்கார வேண்டியது நான், போன திங்களும் போய் உட்கார்ந்தேன். பாப்பாவின் டாக்டரிடம் இந்த ஊரின் பெயரைச் சொல்லி, வரலாமா, வந்தால் என்ன முன்ஜாக்கிரதை என்று கேட்க வேண்டியது மாப்பிள்ளை. வாராவாரம் கரண்டித் தண்ணீரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டியது நான். சுத்தமாக இருந்தாலும் அனுப்புவேன், ஒரே ஒரு புழு படுத்திருந்தாலும் அதையும் அனுப்புவேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது நீ. வேண்டாம் என்று முடிவு செய்தால் நான் சண்டை போடமாட்டேன், காதை அடுத்த வருஷம் குத்திக்கொள்ளலாம்.

நீங்கள் மூவரும் நோயில்லாமல் நீண்ட நாள் இருக்க அருகதேவன் அருள் புரியட்டும். பாப்பாவின் உச்சியில் என் முத்தம்.

உன் அப்பா,
அனந்தநாதன்