தேடினது இல்லை

என் ஜெயாவுக்கு,

நீ இருக்கும் இடத்திலாவது டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் இல்லாமல் இருக்கட்டும். நல்ல சேதி ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை லேபில் நம் கவுண்டர் அப்படியேதான் இருக்கிறது. நீ கண்ணை மூடினபிறகு உன் நாற்காலியில் பிரிண்டரைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அது உன்னைப் போலவே அடிக்கடி மக்கர் பண்ணுகிறது.

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சியை ஞாபகம் இருக்கிறதா? சளிப் பரிசோதனையில் டி.பி. 'பாசிட்டிவ்' என்று நான்தான் சொல்லிக் கவரைக் கொடுத்தேன். மனுஷன் டாக்டரிடமே போகவில்லை. ஒரு மாதம் கழித்து, இருமிக்கொண்டே, இரண்டு கட்டு அப்பளத்தோடு வந்து நின்றார். "நல்ல சேதி சொன்னிய, வெறுங்கையோட வரலாமா?"

நீதான் அவரை உட்கார வைத்தாய். "அண்ணாச்சி, தேடுன கிருமி இருக்கு. அதுக்கு மருந்தும் இருக்கு. இப்பமே டாக்டரப் பாப்போம், வாங்க." உடம்பு தேறி, மறுபடியும் அப்பளத்தோடுதான் வந்தார்.

அன்றைக்கு எனக்கு விழுந்த திட்டு! "ஏட்டி, பாசிட்டிவ் நெகட்டிவ்னு மொட்டையா சொல்லாத. நல்லது கெட்டதுன்னுல்லா நெனைக்காவ? தேடுனது இருக்கு, தேடுனது இல்லன்னு சொல்லு."

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன மாதம் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நீ இருந்திருந்தால் உன்னிடம்தான் முதலில் காட்டியிருப்பேன். ஊசி வைத்துச் சோதனைக்கு எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை சோறு இறங்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்று லீவு போட்டு, வீட்டுக்காரரோடு நம் லேபுக்கே போனேன். கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் "நெகட்டிவ்க்கா" என்று கவரை நீட்டினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரும்பிப் பார்த்தால், இவர் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறார். "யா அல்லா, நெகட்டிவ்னு சொல்லுதாளே!"

இருபது வருஷமாக லேபில் வேலை பார்ப்பவளின் புருஷன், ஜெயா! நான் சிரிக்கவா, அழவா? கையைப் பிடித்துக்கொண்டேன். "தேடுனது இல்ல. கேன்சர் இல்ல. அழாதிய."

பைய நிமிர்ந்து பார்த்தார். "இத மொதல்லயே சொல்லதுக்கு என்ன?"

இதை உன்னிடம் சொல்ல வேண்டுமென்று, பழக்கதோஷத்தில் உன் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். தேடினது இல்லை.

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் இருக்கும்வரை இந்தக் கவுண்டரிலிருந்து ஒரு கவர்கூட மொட்டை வார்த்தையோடு வெளியே போகாது, ஜெயா.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
மேலப்பாளையம் மும்தாஜ்