மூணாம் நாள் மண்டபம்

என்னங்க,

டூட்டிக்குக் கிளம்பிட்டேன். முட்டை அவிச்சு மூடி வெச்சிருக்கேன். சாயங்காலம் என் தம்பி பூனையைத் தூக்கிட்டுப் போக வருவான். கூடை கட்டிலுக்கு அடியில இருக்கு.

நாளைக்கு ரயில் ஏறுறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடணும். நேத்து நீங்க நம்ம நாலு நாள் டூர் திட்டத்தை நோட்டுல எழுதிக்கிட்டிருந்தப்ப, "மூணாம் நாள் அந்த ஓவிய மண்டபத்துக்குக் காலைலயே போயிடணும், மத்தியானம் சன்னல் வெயில் கண்ணைக் கூசும்"னு வாயை விட்டுட்டேன். "உனக்கெப்படித் தெரியும்?"னு கேட்டதுக்கு உங்க மேல எரிஞ்சு விழுந்தேன். தப்பு என் மேலதான்.

போன மாசம் ஆஸ்பத்திரி ட்ரெயினிங்குக்கு அதே ஊருக்குப் போனப்ப, நீங்க இல்லாம எதையும் பார்க்கலைன்னு சொன்னேன்ல? சாப்பாட்டு நேரத்துல நழுவிப் போய்ப் பார்த்தேன். ஆனா கூரை ஓவியத்தைப் பாதிதான் பார்த்தேன். மீதி உங்களோட பார்க்கலாம்னு விட்டு வெச்சேன்.

மறந்துட்டேன்: பூனையோட பழைய துண்டையும் குடுத்து விடுங்க, இல்லேன்னா அது தூங்காது.

பாதின்னு எழுதினது பொய். அண்ணாந்து நின்னு முழுசாப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கழுத்து வலிக்குதுன்னப்ப, பஸ் சீட்டைத் திட்டிக்கிட்டே தைலம் தேய்ச்சு விட்டீங்களே, அந்தத் தைலம் தீர்ந்துபோச்சு. புதுசு ஒண்ணு வாங்கிப் பெட்டியில வைங்க. இந்தத் தடவை நான் தேய்ச்சு விடறேன்.